மாலை போட்டால் முடிகிறது, கழற்றினால் ஏன் முடியவில்லை? விட்ட சிகரெட் திரும்பி வருவது பற்றி

கேட்டிருப்பவர் கொழும்பு கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஒரு மனைவி. கணவருக்கு 44 வயது, புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் வேலை, நாளுக்கு 12 சிகரெட் வரை குடித்தவர். ஒவ்வொரு கார்த்திகையிலும் ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாளும் தொடமாட்டார். கழற்றி ஒரு கிழமைக்குள் தொடங்கிவிடுவார். இந்த வருடம் கழற்றிய பிறகும் சித்திரை வரை இருந்தார். உறவில் ஒரு செத்த வீட்டில் ஒன்று குடித்தார், இப்போது நாளுக்கு எட்டு. "மாலை போட்டால் முடியுமென்றால் மனம் வைத்தால் முடியும்தானே? பிறகு ஏன் திரும்பத் திரும்ப?" என்பது கேள்வி.

அவர் மனம் வைப்பதில் குறையில்லை. மாலை செய்கிற வேலையைத்தான் நீங்கள் மனவுறுதி என்று எண்ணுகிறீர்கள். மாலை போட்ட சாமிக்கு யாரும் சிகரெட் நீட்டுவதில்லை. சாராயம் இல்லை. செத்த வீட்டுக்குப் போவதில்லை. விடிய எழும்பிக் குளிப்பு, பின்னேரம் பஜனை, கூட இருப்பவர்களுக்கும் அதே விரதம். சிகரெட்டைத் தூண்டுகிற ஏழெட்டுக் காரணங்களை அந்தக் கறுப்பு வேட்டி ஒரே நாளில் அகற்றிவிடுகிறது. கழற்றிய அன்று அத்தனையும் ஒன்றாகத் திரும்பி வருகின்றன. இன்னொன்று, விரதத்துக்கு முடிவுத் திகதி உண்டு. 'விட்டுவிட்டேன்' என்று மனம் பதியவில்லை, 'தள்ளி வைத்திருக்கிறேன்' என்றுதான் பதிந்திருக்கிறது. ரமழானில் பகல் முழுக்கத் தொடாமல் இருந்து, நோன்பு திறந்த கையோடு சிகரெட்டைத் தேடுகிறவர்களுக்கும் இதேதான் நடக்கிறது.

உடம்பைப் பொறுத்தவரை 41 நாள் தாராளம். இரத்தத்தில் இருக்கும் நிகொட்டின் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் போதும். எரிச்சல், படபடப்பு, நித்திரைக் குழப்பம், கவனம் நில்லாமை எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு கிழமையில் பெரும்பாலும் அடங்கிவிடும். பசி மட்டும் இன்னும் சில மாதம் நிற்கும். மூளையில் நிகொட்டினுக்காகப் பெருகியிருந்த ஏற்பிகள், அதாவது நிகொட்டின் வந்து ஒட்டும் இடங்கள், 6 முதல் 12 கிழமைக்குள் புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன. ஆகவே சித்திரையில் அவர் விழுந்ததற்கு 'உடம்பு கேட்டது' என்பது காரணமாக முடியாது. எந்தக் கட்டத்தில் எது விழுத்துகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் மருந்தும் முயற்சியும் சரியான இடத்தில் போய்ச் சேரும். முதல் கிழமைக்கு உரிய பரிகாரத்தை நான்காம் மாதத்தில் செய்து பயனில்லை.

முதல் கிழமைதான் மிக மோசமானது. மருந்தும் ஆலோசனையும் இல்லாமல் தானாக விடுகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் எட்டு நாளுக்குள் திரும்பிவிடுகிறார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர். யார் இந்தக் கிழமையில் விழக்கூடியவர் என்று அறிய ஒரு கேள்வி போதும்: காலையில் எழும்பி எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? 30 நிமிடத்துக்குள் என்றால் பிடி இறுக்கம். 5 நிமிடத்துக்குள் என்றால் மருந்தில்லாமல் முயல்வதில் பயன் குறைவு. நாளுக்கு எத்தனை என்ற எண்ணிக்கையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. விலை ஏறினால் பன்னிரண்டு எட்டாகும், ஆனால் அந்த எட்டையும் ஆழமாக, அடிவரை இழுப்பார்கள். உள்ளே போகும் நிகொட்டின் அந்தளவுக்குக் குறையாது.

இந்தக் கிழமையில் யாரும் கவனிக்காத ஒரு காரணம் தேத்தண்ணி. சிகரெட் புகையில் இருக்கும் தார்ப் பொருட்கள் ஈரலில் ஒரு நொதியத்தை முடுக்கி விடுகின்றன. அந்த நொதியம்தான் தேயிலை, கோப்பியில் இருக்கும் கஃபீனையும் உடைப்பது. புகைத்த காலம் முழுக்க அவருக்குக் கஃபீன் வேகமாகக் கழிந்துகொண்டிருந்தது. நிறுத்திய சில நாளில் நொதியம் பழைய அளவுக்கு இறங்கிவிட, அதே ஆறு பிளேன்டீ இரத்தத்தில் ஏறத்தாழ இருமடங்கு கஃபீனை நிறுத்தி வைக்கிறது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இரவில் நித்திரை வராது. ஆளோ இதெல்லாம் சிகரெட் இல்லாததால் வந்தது என்று நினைத்து ஒன்றைப் பத்தவைப்பார். நிறுத்தும் நாளிலிருந்தே தேத்தண்ணியைப் பாதியாக்க வேண்டும், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வேண்டாம். காசு செலவில்லாத பரிகாரம், ஆனால் சொல்வார் குறைவு.

இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவும் உடம்பில் கூடும். ஆஸ்துமாவுக்கு தியோபிலின், மனநோய்க்கு குளோசபின் அல்லது ஓலன்சபின் எடுப்பவர்கள் சிகரெட்டை நிறுத்துமுன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் நிறுத்தினால் வாந்தி, படபடப்பு, அதிக மயக்கம், கடுமையாகப் போனால் வலிப்புக் கூட வரலாம். இரத்தம் கட்டியாகாமல் இருக்க வாஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தப் பரிசோதனையை ஒருமுறை முன்கூட்டிச் செய்வது நல்லது. நீரிழிவுக்காரர்கள் முதல் சில மாதம் சீனி அளவை அடிக்கடி பார்க்க வேண்டும்.

மருந்துகளுக்கு வருவோம். நிகொட்டின் ஒட்டுப்பட்டை, நிகொட்டின் சுவிங்கம், வரெனிக்ளின், புப்ரோப்பியன், சைட்டிசின் குளிசைகள் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி ஏற்றிருக்கிறது. கொழும்பில் எல்லாப் பாமசியிலும் இவை இராது. நிறுத்தும் திகதிக்கு இரண்டு கிழமை முன்பே விசாரித்து, முழுக் காலத்துக்கும் போதிய அளவு கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நடுவில் முடிந்து, அடுத்த பெட்டி தேடும் மூன்று நாளில் விழுவது சாதாரணமாக நடப்பது.

ஒட்டுப்பட்டை: நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் என்றால் 21 மில்லிகிராமில் தொடங்கி ஆறு கிழமை, பிறகு 14 இரண்டு கிழமை, 7 இரண்டு கிழமை. உங்கள் கணவர் இப்போது எட்டு என்பதால் 14 ஆறு கிழமை, 7 இரண்டு கிழமை. இடுப்புக்கு மேல், மயிரில்லாத, உலர்ந்த தோலில் ஒட்டி உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்த வேண்டும். தினமும் இடம் மாற்ற வேண்டும். கொழும்பு வெக்கையில் வியர்வையோடு பட்டை கழன்று விழுவதுதான் இங்குள்ள பெரிய தொல்லை. குளித்த ஈரத்தோடும், பவுடர் எண்ணெய் பூசிய தோலிலும் ஒட்டினால் புறக்கோட்டைக்குப் போய்ச் சேருமுன் ஓரம் கிளம்பிவிடும். நன்றாகத் துடைத்து, விசிறியின் கீழ் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு ஒட்டட்டும். இரவில் கெட்ட கனவு வந்தால் படுக்குமுன் கழற்றலாம்.

பட்டையோடு சுவிங்கமும் சேர்த்தால் தனியே ஒன்றைப் பாவிப்பதை விடப் பலன் கூட. பட்டை நாள் முழுக்க ஒரு மட்டத்தைத் தரும், திடீரென்று எழும் ஆசைக்குச் சுவிங்கம். எழும்பி 30 நிமிடத்துக்குள் குடிப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. பலர் இதைச் சாதாரண சுவிங்கம் போல மென்று விழுங்கி, நெஞ்செரிவு விக்கல் என்று தூக்கி எறிகிறார்கள். மெதுவாக மெல்ல வேண்டும். காரம் போல ஒரு குறுகுறுப்பு வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். குறுகுறுப்புப் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணித்தியாலம். 15 நிமிடம் முன்னாலும், மெல்லும்போதும் தேத்தண்ணி, கோப்பி, சோடா, தேசிக்காய்த் தண்ணி எதுவும் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகொட்டின் வாயின் உட்தோலுக்குள் ஊறாது, வயிற்றுக்குள் போய் வீணாகும்.

வெற்றிலைக்கு மாறுவது பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். சுண்ணாம்பு காரத்தன்மை உடையது, ஆகவே புளிப்பு செய்வதற்கு நேர்மாறாகச் செய்யும். புகையிலை வைத்த வெற்றிலையில் நிகொட்டின் வேகமாக ஊறும். 'சிகரெட்டை விட்டுட்டேன், வெத்திலை மட்டும்தான்' என்பவர் நிகொட்டினை விடவில்லை, வாய்ப் புற்றுநோயையும் சேர்த்து வாங்குகிறார். பீடியும் சுருட்டும் சிகரெட்டைவிடச் சாது என்பது வீண் நம்பிக்கை. ஷீஷாவும் அப்படித்தான்.

வரெனிக்ளின் வைத்தியர் எழுதித் தர வேண்டியது. நிறுத்தும் திகதிக்கு ஒரு கிழமை முன் தொடங்குவார்கள்: முதல் மூன்று நாள் 0.5 மில்லிகிராம் ஒரு வேளை, அடுத்த நாலு நாள் இரு வேளை, பிறகு 1 மில்லிகிராம் இரு வேளை, மொத்தம் 12 கிழமை. வயிற்றுப் பிரட்டல்தான் பெரிய முறைப்பாடு. சாப்பிட்ட பிறகு, ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு எடுத்தால் பெரும்பாலும் தாங்கும். சிறுநீரகக் கோளாறோ வலிப்போ இருந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். எந்த மருந்தானாலும் எல்லோரும் விடும் பிழை ஒன்றுதான்: இரண்டாம் கிழமையில் 'இப்ப நல்லா இருக்கு' என்று நிறுத்துவது. நல்லா இருப்பது மருந்தால்தான்.

இரண்டாம் கிழமை தாண்டி மூன்று நான்கு மாதம் வரை விழுத்துவது சூழ்நிலை. முதலிடம் மனக்கஷ்டத்துக்கு: கோபம், கவலை, மனத்தளர்வு. புறக்கோட்டை வியாபாரத்தில் இதற்குப் பஞ்சமில்லை. மாத முடிவு, திரும்பி வந்த செக், முதலாளியின் பேச்சு, துறைமுகத்தில் தங்கிப்போன சரக்கு. சிகரெட் மனதை ஆற்றுகிறது என்று அவருக்குத் தோன்றுவதற்குக் காரணம், நிகொட்டின் இல்லாத எரிச்சலை அடுத்த சிகரெட் தணித்துவந்த பழக்கம்தான். பல கிழமை சிகரெட் இல்லாமல் இருந்தவர்களை அளந்து பார்த்தால் பதட்டமும் மனச்சோர்வும் முன்பைவிடக் குறைந்தே இருக்கின்றன. ஆனால் மூளை பழைய கணக்கை வைத்திருக்கும். இரண்டு கிழமைக்கு மேல் மனம் எழும்பாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதைச் சிகரெட் பிரச்சினை என்று ஒதுக்க வேண்டாம். வைத்தியரிடம் காட்டுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். கவனிக்கப்படாத மனச்சோர்வு திரும்பத் தொடங்குவதற்கான வலுவான காரணங்களில் ஒன்று.

அடுத்தது சாராயம், பியர். இது இரண்டு பக்கமும் வெட்டும்: கட்டுப்பாட்டைத் தளர்த்தும், சிகரெட் ஆசையையும் கிளப்பும். 'குடிப்பேன், ஆனால் பத்தமாட்டேன்' என்று முதல் மூன்று மாதத்தில் சொல்பவரிடம் நான் பந்தயம் கட்டமாட்டேன்.

மூன்றாவது, கொழும்புக்கே உரிய தொல்லை: தனிச் சிகரெட். ஒரு முழுப் பெட்டி வாங்க வேண்டுமென்றால் கடை வாசலில் ஒருவர் யோசிப்பார். ஒன்று வாங்க யோசிக்க நேரமில்லை. தேத்தண்ணிக் கடை மேசையில் மிச்சச் சில்லறையோடு ஒன்று கைக்கு வந்துவிடும், லைட்டர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். பெட்டியின் மேல் அச்சடித்த எச்சரிக்கைப் படத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. விட்ட ஒருவருக்கு இதைவிட ஆபத்தான விற்பனை முறை இல்லை என்பது என் எண்ணம். ஆகவே முதல் இரண்டு மாதம் அவர் வழக்கமாகச் சிகரெட் வாங்கிய கடையைத் தவிர்க்க வேண்டும். செட்டியார் தெருப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தாலும் போகட்டும். தேத்தண்ணியை வேலையிடத்துக்கே வரவழைக்கலாம், அல்லது சிகரெட் விற்காத சாப்பாட்டுக் கடையில் குடிக்கலாம். கடைக்கார அண்ணனிடம் 'எனக்குத் தராதேங்க' என்று நேரே சொல்லிவைத்தால் பலர் மதிப்பார்கள்.

கூட இருப்பவர்களும் முக்கியம். 2015ஆம் ஆண்டு நாடளாவிய சுகாதார ஆய்வின்படி இலங்கை ஆண்களில் 29 சதவீதம் பேர் புகைப்பவர்கள், பெண்களில் அநேகமாக இல்லை. அதனால் இங்கே பழைய நெருப்பை ஊதுபவர் பெரும்பாலும் மனைவி அல்ல. மச்சான், தம்பி, கூட வேலை செய்பவர். அதிலும் வீட்டுக்குள் ஒருவர் புகைத்தால் தப்புவது மிகக் கடினம். நிறுத்தும் நாளிலிருந்து வீடு, பல்கனி, ஓட்டோ எங்குமே புகை கூடாது என்று வைத்தால் புகைக்கும் மச்சானுக்கும் நன்மைதான்.

உடம்பு பருத்தல் பலரைச் சத்தமில்லாமல் திருப்பிவிடுகிறது. நிறுத்திய முதல் வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ கூடும், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். இந்தச் சமயத்தில் கடும் பத்தியம் பிடிக்க வேண்டாம், பசி சிகரெட் ஆசையைக் கூட்டும். பிளேன்டீக்குக் கருப்பட்டியோ பிஸ்கட்டோ கடிக்கும் வழக்கம் இருந்தால் அதை மட்டும் குறைத்து, பின்னேரம் காலிமுகத்திடலிலோ வீட்டுப் பக்கத்திலோ அரை மணித்தியாலம் நடந்தால் முதல் வருடத்துக்குப் போதும்.

இப்போது அந்தச் செத்த வீடு. இரவிரவாக விழித்திருப்பு, துக்கம், சும்மா இருக்கும் கை, வெற்றிலைத் தட்டத்தோடு வைக்கும் சிகரெட், பின்பக்கத்தில் போத்தல், நெடுநாள் காணாத உறவுகள். மேலே சொன்ன அத்தனையும் ஒரே கொட்டகையின் கீழ். நாலு மாதம் நின்றவர் அங்கே விழுந்ததில் அதிசயமில்லை. அடுத்த முறை இப்படிச் செய்யலாம்: போகுமுன் சட்டைப் பையில் நிகொட்டின் சுவிங்கம், ஒரு உறவினரிடம் முன்கூட்டியே 'நான் விட்டிருக்கிறேன், யாரும் நீட்டினால் தடுங்க' என்று சொல்வது, கதிரை இறக்குவது, அறிவித்தல் கொடுப்பது, கனத்தை மயானத்துக்குப் போகும் வாகனம் பேசுவது என்று கைக்கு ஒரு வேலை, பத்து மணிக்குப் பிறகு தங்காமல் வீடு வந்து, விடிய மறுபடி போவது. ஆசை ஒருமுறை எழுந்தால் சில நிமிடத்தில் தணியும். அந்த நேரத்தில் எழும்பி இடம் மாறுவதோ, யாருடனாவது கதைப்பதோ, முகம் கழுவுவதோ எதையாவது செய்பவர்கள், ஒன்றும் செய்யாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்களைவிடத் தப்புகிறார்கள்.

ஆனால் அந்த ஒரு சிகரெட்டோடு கதை முடிந்திருக்கலாம். எட்டு வரை கொண்டுபோனது அடுத்த நாள் வந்த எண்ணம்: 'குடிச்சாச்சு, இனி என்ன.' அலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களிலேயே இந்த எண்ணத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். தவறிக் குடித்த ஒன்று வேறு, பழக்கம் திரும்புவது வேறு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது குற்ற உணர்வும், 'நான் இவ்வளவுதான்' என்ற தீர்ப்பும். உண்மைதான், ஒரு இழுவை கூட மறுபடி தொடங்கும் அபாயத்தை வெகுவாகக் கூட்டும், 'ஒன்று பரவாயில்லை' என்று சொல்ல முடியாது. ஆனால் தவறியவர் அன்றிரவே நிறுத்தினால் பின்வாங்கியது ஒரு நாள்தான். மிச்சப் பெட்டியைத் தண்ணீரில் நனைத்து எறியட்டும். எங்கே, யாரோடு, என்ன மனநிலையில் என்று எழுதி வைக்கட்டும், அடுத்த 48 மணித்தியாலம் சாராயத்தையும் அந்த ஆட்களையும் தவிர்க்கட்டும். பட்டை ஒட்டியிருக்கும்போது ஒன்று குடித்துவிட்டால் மாரடைப்பு வரும் என்று பயந்து பட்டையைக் கழற்றி எறிகிறார்கள். அப்படியில்லை. பட்டையைத் தொடர்வதே பழையபடி நிறுத்த உதவும்.

உங்கள் பங்கு இங்கேதான். சட்டையை மணந்து பார்ப்பது, பிள்ளைகள் முன் கேட்பது, 'உங்களுக்கு மனமில்லை' என்பது எல்லாம் அவரை ஒளித்துக் குடிக்க வைக்கும். ஒளித்துக் குடிப்பவர் தவறிய அன்று உங்களிடம் வந்து சொல்லமாட்டார், மூன்று கிழமை கழித்துத்தான் தெரியவரும். 'எப்ப ஆசை வந்தாலும் எனக்கு ஒரு கோல் எடுங்க' என்பது அதைவிட உதவும். சேமித்த காசைக் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு போத்தலில் போட்டு வையுங்கள்.

ஒரு உண்மையையும் மறைக்கக்கூடாது. எப்படிச் சமாளிப்பது என்று மட்டும் கற்றுத்தரும் பயிற்சிகள் திரும்பத் தொடங்குவதைத் தடுக்கின்றன என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. 12 கிழமை வரெனிக்ளினில் நிறுத்தியவர்களுக்கு இன்னும் 12 கிழமை நீட்டிப்பதற்குச் சான்று ஓரளவு உண்டு. அதனால்தான் மேலே மருந்தைப் பற்றி இவ்வளவு எழுதினேன். தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையின் இலவச ஆலோசனை இலக்கம் 1948. மருந்து, அழைப்பு, சூழ்நிலைத் திட்டம் மூன்றையும் சேர்ப்பதே நல்லது.

திகதிக்கு வருவோம். அடுத்த கார்த்திகை வரை காத்திருக்க வேண்டாம். திருமணம், கொடியேற்றம், பிறந்தநாள் விருந்து எதுவுமில்லாத நாலு கிழமையைக் கலண்டரில் தேடி, அதன் முதல் நாளைக் குறியுங்கள். மாத முடிவில் வேண்டாம், கடைக் கணக்கு முடிந்த பிறகு. கார்த்திகையில் மாலை போடும்போது அவர் ஏற்கனவே சிகரெட் இல்லாதவராக இருந்தால் விரதத்தின் முடிவுத் திகதி சிகரெட்டின் முடிவுத் திகதியாகாது. அப்போதும் குடித்துக்கொண்டிருந்தால், சபரிமலையிலிருந்து திரும்பும் நாளுக்குச் சுவிங்கம் பையில் இருக்கட்டும். திரும்பி வந்த முதல் மாதம் சாராயம் இல்லை என்பதையும், புறக்கோட்டைக்குப் போகும் முதல் காலை எந்தத் தெருவால் நடப்பது என்பதையும் மாலை கழுத்தில் இருக்கும்போதே தீர்மானித்து எழுதி வையுங்கள்.